திரும்பி நின்ற ஆள்

கட்டட வேலை நடக்கிற இடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் ஒரு வாரத்துக்கு மேல் தங்காது. கிரேன் ஓட்டுகிறவரை எல்லோரும் மாடி என்றே சொன்னார்கள். வயதில் சின்னவர்கள் மாடி அண்ணன் என்றார்கள். முப்பத்தோரு வருஷம் அவர் உட்கார்ந்து வேலை பார்த்தது தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், காலை நீட்டினால் கதவில் இடிக்கிற ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். காலையில் ஏணியில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். சாப்பாடு கயிற்றில் மேலே போகும். கீழே எவனாவது அரைகுறையாக ஒரு வேலையைச் செய்துவிட்டு, "மேல இருக்கிறவன் பார்த்துக்குவான்" என்று நழுவினால், சாயங்காலம் இறங்கி வந்து, "பார்த்தேன். போய் ஒழுங்கா செய்" என்பார்.

பிடிவாதக்காரர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு டன் கம்பியை அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கீழே ஆளுக்கொரு பக்கம் கத்தும்போது, சிக்னல் காட்டுகிற ஆளைத் தவிர வேறு எவன் சொன்னாலும் கேட்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதற்குப் பிடிவாதம் வேண்டும். சிக்னல் காட்டுகிறவருக்கு அங்கே கைகாட்டி என்று பெயர். பதினாறு வருஷமாக இருவரும் ஜோடி. கம்பெனி வயர்லெஸ் கருவி கொடுத்திருந்தது, ஆனால் பாதி நாள் அதில் எங்கேயோ ஓடுகிற டாக்சிக்காரர்களின் சண்டைதான் கேட்கும். அதனால் இவர்களுக்குள் எல்லாம் கையாலேயே நடந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. கைகாட்டி ஒன்றுமே காட்டாமல் திரும்பி நின்றுவிட்டாலும் நிறுத்து என்றுதான் அர்த்தம்.

அன்றைக்கும் மாடி அப்படித்தான் நிறுத்தினார். கம்பிக் கட்டு தரைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. கைகாட்டிக்குப் பின்னாலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். இந்த சூப்பர்வைசருக்கு வேலையாட்கள் வைத்த பெயர் அவசரம். எதைக் கேட்டாலும் அவர் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் வரும். கைகாட்டி அவர் பக்கம் திரும்பினார், மாடி கட்டை நிறுத்தினார், அவசரத்துக்கு அது பொறுக்கவில்லை. கம்பிக் கட்டிலிருந்து தொங்கிய கயிற்றைத் தானே பிடித்து, பின்னால் சாய்ந்து, தன் பக்கமாக இழுத்தார். கட்டு ஒரு பக்கம் தாழ்ந்தது. நடுவிலிருந்த கம்பிகள் உருவிக்கொண்டு வந்து கைகாட்டியின் இடது தொடையில் விழுந்தன. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. மாடி ஏணியில் இறங்கி வர ஆறு நிமிஷம் ஆனது. அதற்குள் அவசரம் அலுவலகத்தில் தன் நாற்காலிக்குப் போயிருந்தார்.

மறுநாள் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். சிக்னல்காரர் தவறுதலாக இறக்கு என்று கை காட்டினார், சுமைக்கு அடியிலேயே நின்றார், அருகில் வேறு யாரும் இல்லை என்று அதில் இருந்தது. மாடி கையெழுத்துப் போட வேண்டும்.

"போட்டுட்டு நாளைக்கே மேல ஏறுங்க" என்றார் மேனேஜர். நல்ல மனிதர் போலத்தான் பேசுவார். அந்தப் பேச்சில்தான் விஷயமே இருக்கிறது. "போடலைன்னா, நீங்கதான் பார்க்காம இறக்கிட்டீங்கன்னு ஆயிடும். அப்புறம் எந்த சைட்லயும் உங்களை ஏத்த மாட்டாங்க."

"அப்ப ஏத்த வேண்டாம்" என்றார் மாடி.

அவரைத் தரைக்கு மாற்றினார்கள். கேட் அறையில் உட்கார்ந்து, உள்ளே வருகிற லாரிகளின் எண்ணை எழுத வேண்டும். முப்பத்தோரு வருஷம் எல்லோருடைய உச்சந்தலையையும் பார்த்த மனிதர், இப்போது லாரிச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, நிதானமான ஆள். அன்றைக்கு அந்த இடத்தில் வேலை செய்த ஐந்து பேரையும் கேட்டார். ஐந்து பேரும் "பார்க்கலை" என்றார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல மேனேஜருக்கு ஒரு வாய் போதும், அந்த ஐந்து பேருக்குப் பின்னால் ஐந்து குடும்பம் இருக்கிறது. கைகாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார், அவருக்கு அந்தக் காலைப் பொழுதே நினைவில் இல்லை. மிச்சம் மாடி ஒருத்தர்தான்.

அதிகாரி மேசைமேல் இடத்தின் வரைபடத்தை விரித்து, யார் எங்கே நின்றார்கள் என்று புள்ளி வைக்கச் சொன்னார். மாடி ஆறு புள்ளி வைத்தார், ஏழாவதையும் வைத்தார், பிறகு பேனாவை மூடிவிட்டார்.

"இந்தப் புள்ளிக்கு முதுகு எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார்.

"புள்ளிக்கு எதுக்கு முதுகு?"

"விஷயமே அதுலதான் இருக்கு. கைகாட்டி என் பக்கம் பார்த்து நின்னானா, அந்தப் பக்கம் திரும்பி நின்னானாங்கிறதுதான் விஷயம். புள்ளியில அது தெரியாது."

"அப்ப தெரியற மாதிரி வரையுங்க."

வெற்றுத்தாளில் வரைந்தார். வட்டம், வட்டத்துக்கு இரண்டு பக்கமும் தோள், அவ்வளவுதான். அவருக்கு அதில் எல்லாம் தெரிந்தது. இது கைகாட்டி, தோள் ஒருபக்கம் தாழ்ந்திருக்கிறது. இது அவசரம். அதிகாரி தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"எல்லாம் ஒரே பூசணிக்காயா இருக்கே."

அவசரம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை, குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேலேருந்து பார்த்தா அப்படித்தான் சார் தெரியும்."

"நான் கிரேன்ல ஏறினதில்லையே. எனக்குப் புரியணும். அடுத்த விசாரணை ஆறு வாரம் கழிச்சு. காட்ட முடிஞ்சா காட்டுங்க" என்றார் அதிகாரி. ஒப்புக்குச் சொன்னாரோ, மனதிலிருந்து சொன்னாரோ, மாடி அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

தினமும் வேலை விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போவார். கைகாட்டி காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் படுத்திருந்தார். ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "நான்தான் இறக்குன்னு காட்டிட்டேன் போல. எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

"நான் சொல்லலையே."

"நீ எனக்காகச் சொல்லுவே."

பதினாறு வருஷம் ஒரு தடவைகூடத் தப்பாகக் காட்டாத ஆள். எலும்பு ஒட்டிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது ஒட்டாது. கம்பெனிக்காரன் காகிதத்தில் எழுதின பொய்யை இந்த மனுஷனே நம்ப ஆரம்பித்துவிட்டான் என்று மாடிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றார்.

அங்கேதான் அந்தப் படம் இருந்தது. எத்தனையோ நாள் அதைத் தாண்டிப் போயிருக்கிறார். யாரோ ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பெரிய ஓவியம். சரிவான புல்வெளி, பாதி அறுத்திருக்கிறது. நடுவில் வளைந்து போகிற ஆறு, தூரத்தில் நீலமாக மலை. புல்வெளியில் பதினொரு பேர். எவரும் அவருடைய கட்டைவிரலை விடப் பெரிதில்லை, கடைசியில் நின்றவர் ஓர் அரிசியளவு. அத்தனை சின்ன ஆளாக இருந்தும், இவள் குனிந்து புல்லைக் கட்டுகிறாள், இவன் களைத்துப் போயிருக்கிறான், அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுவிட்டு நிற்கிறார்கள் என்று தெரிந்தது. ஆற்றங்கரையில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முதுகுதான் என்பதில் சந்தேகமே இல்லை.

மாடி கிட்டப் போய்ப் பார்த்தார். கிட்டத்தில் அங்கே ஆள் இல்லை. நாலைந்து வண்ணத் தீற்றல்தான் இருந்தது. பின்னால் வந்தார், ஆள் வந்துவிட்டான். நாலு தடவை முன்னும் பின்னும் நடந்தார்.

மறுநாள் அட்டை, வண்ணப் பெட்டி, இரண்டு தூரிகை, ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயதுவரை அவர் வரைந்தது வீட்டுக்கு எண் பலகை மட்டும்தான். வார்டு சிஸ்டர் வந்தார்.

"இது ஆஸ்பத்திரி. வரையறதுக்கு வேற இடம் பாருங்க."

"வழியை மறிக்கலை சிஸ்டர், சத்தம் போடலை. பார்க்கிறதுக்குத்தானே மாட்டியிருக்கீங்க?"

"பார்க்கிறதுக்குத்தான்."

"நான் மெதுவா பார்க்கிற ஆளு."

சிஸ்டருக்கு வேறு வேலை இருந்தது. "தண்ணி ஒரு சொட்டு தரையில சிந்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சிந்தவில்லை. முப்பத்தோரு வருஷம் சுமையைச் சிந்தாமல் இறக்கின கை.

மலை, ஆறு, மரம் எல்லாம் நாலு நாளில் வந்துவிட்டன. மலை கொஞ்சம் தள்ளிப் போனாலும் மலைதான், யாரும் கேட்கப் போவதில்லை. ஆள் அப்படி இல்லை. பதினொரு பேரையும் போட்டுவிட்டு, கைகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

கைகாட்டி படுத்தபடியே பார்த்தார். "மலைக்குப் பக்கத்துல நிக்கிறானே, அவன் யாரு? மரத்தைவிட உசரமா இருக்கான்."

மாடி அப்போதுதான் கவனித்தார். பதினொரு பேரையும் ஒரே அளவில் போட்டிருந்தார். இது வரையத் தெரியாத யாரும் செய்கிற தப்பு இல்லை, கிரேன்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நேர் மேலிருந்து பார்த்தால் கிட்டே, தூரம் என்று எதுவும் கிடையாது. இந்த மூலையில் நிற்கிற சித்தாளும் அந்த மூலையில் நிற்கிற முதலாளியும் ஒரே அளவுதான். அவருக்கு உலகம் அப்படியே பழகிவிட்டது, மோசமான பழக்கம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் படத்தை வரைந்தவன் ஒரு மேட்டில் நின்று வரைந்திருக்கிறான். அவனுக்குத் தூரத்து ஆள் சின்னவன்.

அளவைச் சரி செய்தார். அடுத்த தப்பு, எல்லோருக்கும் தொப்பி மட்டும் பெரிதாக இருந்தது, தொப்பிக்குக் கீழே கொஞ்சம் தோள், கால் என்று ஏதோ பெயருக்கு இரண்டு கோடு. வாழ்நாள் முழுக்க அவர் யாருடைய காலையும் வேலை நேரத்தில் பார்த்ததில்லை. அதற்கு அடுத்த தப்பு, யாரும் தரையில் நிற்கவில்லை. ஏன் என்று தெரியாமல் இரண்டு நாள் முழித்தார். பதினொரு பேரும் ஸ்லிங் கயிறு மாட்டாத சுமை மாதிரி அந்தரத்தில் தொங்கினார்கள். பிறகு அசல் படத்தில் ஒவ்வொருவர் காலடியிலும் இருண்ட பச்சையில் ஒரு சின்னத் தீற்றல் இருப்பதைக் கண்டுபிடித்தார். நிழல். அதை வைத்ததும் எல்லோரும் தரைக்கு வந்து நின்றார்கள். நிம்மதியாக மூச்சு விட்டார்.

வீட்டில் அவர் மனைவி மாட்டிக்கொண்டார். பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்காருகிறவர். எந்த வண்டி, எப்போது, எங்கே என்று நாளெல்லாம் கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தால் ஒரு கேள்விக்கு ஒரு பதிலுக்கு மேல் சொல்ல மாட்டார். மாடி அவரைக் கூடத்தில் வாளியைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார். தான் வழக்கம்போல ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டார்.

"ஏங்க, இறங்குங்க."

"இங்கேருந்துதான் எனக்குச் சரியா தெரியுது."

"மேலேருந்து பார்த்தா என் வகிடுதான் தெரியும். அதை வரைஞ்சு அந்த அதிகாரிகிட்ட காட்டப் போறீங்களா? இறங்கி உட்காருங்க."

இறங்கினார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அந்த அம்மாளின் முழங்கை வாளி தூக்கும்போது வெளியே தள்ளிக்கொள்ளும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். இதை வெளியே சொன்னால் அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஆற்றங்கரையில் திரும்பி நின்றவன். அந்த ஒருவனுக்காகத்தான் மற்ற பத்துப் பேரும். அவனை முப்பது தடவை போட்டார். ஒவ்வொரு தடவையும் அவன் இவரைப் பார்த்தே நின்றான். கண் கிடையாது, மூக்கு கிடையாது, அந்த அளவில் எதுவும் கிடையாது, ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றான். நாலு நாள் இதே கதை. சிஸ்டர்கூட போகிறபோக்கில், "இன்னும் திரும்பலையா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஐந்தாம் நாள் படத்துக்கு மிகவும் கிட்டப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆளை மட்டும் தீற்றல் தீற்றலாக எண்ணினார். தொப்பி ஒன்று. சட்டை இரண்டு. கால் ஒன்று. நிழல் ஒன்று. பக்கத்தில் இந்தப் பக்கம் பார்த்து நின்றவளை எண்ணினார். ஒன்று கூடுதலாக வந்தது. தொப்பிக்கும் சட்டைக்கும் நடுவில் தோல் நிறத்தில் ஒரு பொட்டு. அதுதான் முகம். அந்தப் பொட்டு இருந்தால் நம்மைப் பார்க்கிறாள். அது இல்லாமல் தொப்பி நேராகச் சட்டையில் உட்கார்ந்தால் திரும்பி நிற்கிறான். மாடி பழக்க தோஷத்தில் முப்பது பேருக்கும் அந்தப் பொட்டை வைத்திருந்தார். தலை என்றால் முகம் இருக்க வேண்டும் என்று கை தானாக வைத்துவிட்டது. முப்பத்தோராவது ஆளுக்கு வைக்கவில்லை. ஆள் திரும்பிவிட்டான். வராந்தாவில் தனியாகவே சிரித்தார்.

பிறகு சொந்தப் படத்துக்கு வந்தார். சைட்டுக்கு எதிரே பாதி கட்டின ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் நின்று இடத்தைப் பார்த்துக்கொண்டார், மேட்டில் நிற்கிற மாதிரி. மண், ஜல்லிக் குவியல், கம்பி வேலி, அந்தரத்தில் கட்டு. ஏழு பேர். கைகாட்டிக்கு மஞ்சள் தொப்பி நேராகச் சட்டையில் உட்கார்ந்தது, முகம் கிடையாது. அவசரத்துக்கு வெள்ளைத் தொப்பி, நீலச் சட்டை, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்த உடம்பு. அவருடைய கால்கள் எப்படி இருந்தன என்று மட்டும் மாடிக்குத் தெரியாது, மேலிருந்து வெள்ளைத் தொப்பிக்கும் தோளுக்கும் கீழே எதுவும் தெரிந்திருக்க முடியாது. உத்தேசமாக வலது காலை முன்னால் வைத்தார். சுற்றி நின்ற ஐந்து பேரும் அவசரத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் மேனேஜர் கேட் அறைக்கு வந்து படத்தைப் பார்த்தார். உண்மையாகவே வியந்தார் என்றுதான் தோன்றுகிறது.

"இது நீங்க போட்டதா? பிரமாதமா இருக்கு. ஆபீஸ்லயே மாட்டலாம். ஒண்ணே ஒண்ணு. இந்த நீலச் சட்டைக்காரரை மட்டும் எடுத்துடுங்க. நாளைக்கே உங்களை மேல ஏத்தறேன்."

"அந்த ஆளை எடுத்தா, இவன் ஏன் திரும்பி நிக்கிறான்னு தெரியாது சார்."

"தெரியாம இருந்தா என்ன?"

"அதுக்கு நான் ஆறு வாரம் கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை" என்றார் மாடி.

மேனேஜர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, விசாரணைக்கு வைக்கிற எதையும் முன்கூட்டியே அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அது விதி என்றார். அப்படி எழுதியிருந்ததையும் காட்டினார். மாடி கொடுத்தார், பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டும் வாங்கினார். வீட்டில் அந்தச் சீட்டை மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படத்தைக் கொடுத்துட்டு இதை வாங்கிட்டு வந்தீங்களா?"

"விதியாம்."

"நல்ல விதி" என்றார் அவர். அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் விசாரணை அன்று காலையில் வண்ணப் பெட்டியையும் தூரிகையையும் துணிப்பையில் போட்டு அவர் தோளில் மாட்டிவிட்டவர் அந்த அம்மாள்தான்.

விசாரணை அறையில் நீண்ட மேசை, சுவர் ஓரமாக பெஞ்சு. பெஞ்சில் அந்த ஐந்து பேர், அவர்களில் ஓரமாக சித்தாள் அக்கா. கைகாட்டியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். அவசரம் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தார். மேனேஜர் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கிரேன் ஆபரேட்டர் தன் கையால போட்ட படம் சார். தப்பு சிக்னல்காரர் மேலதான்னு நாங்க சொன்னதையே இவரும் சொல்லியிருக்கார். சிக்னல் காட்ட வேண்டிய ஆள், சுமை அந்தரத்துல தொங்கும்போது முதுகைக் காட்டிட்டு நிக்கிறார் பாருங்க."

மாடி எட்டிப் பார்த்தார். நீலச் சட்டைக்காரர் இல்லை. அவர் நின்ற இடத்தில் மண் நிறத்தில் வழவழவென்று ஒரு திட்டு. படத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள். கைகாட்டி காரணமே இல்லாமல், வேலையை விட்டுவிட்டு, வெறும் மண்ணைப் பார்த்து நின்றார். ஆறு வாரம் ராப்பகல் பாராமல் கற்ற வேலை, நண்பனைக் காட்டிக்கொடுக்கிற வேலையாக மேசைமேல் கிடந்தது. கைகாட்டி தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் சொன்னேனே" என்கிற மாதிரி இருந்தது அந்தக் குனிவு. அதைப் பார்த்ததும் மாடி எழுந்தார்.

"ஒரு டம்ளர் தண்ணி வேணும் சார்."

குடிக்கத்தான் கேட்கிறார் என்று கொடுத்தார்கள். அவர் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து, தூரிகையைத் தண்ணீரில் நனைத்தார்.

"விசாரணைப் பொருள்ல கை வைக்கக் கூடாது" என்று மேனேஜர் எழுந்தார்.

"ஏற்கெனவே ஒருத்தர் வச்சுட்டார் சார்."

"எங்கே?" என்றார் அதிகாரி.

"இந்தக் கயிறைப் பாருங்க. கட்டுலேருந்து சாய்வா வருது, பாதியில நிக்குது. யாரும் பிடிக்காத கயிறு நேரா கீழேதான் தொங்கும். சாய்வா நிக்குதுன்னா யாரோ இழுக்கிறாங்க. யாருன்னு நான் போட்டிருந்தேன். இப்ப அங்க மண்ணுதான் இருக்கு. மறுபடி போடறேன், நீங்க பார்க்கப் பார்க்கப் போடறேன். அப்புறம் அதை எடுத்துக்கிறதும் எடுத்துக்காததும் உங்க இஷ்டம்."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போடுங்க" என்றார்.

மாடி குனிந்தார். வெள்ளைத் தொப்பி. அதன் கீழே தோல் நிறத்தில் ஒரு பொட்டு, ஏனென்றால் இவர் கட்டைப் பார்த்து, இந்தப் பக்கம் முகம் தெரிய நின்றவர். நீலச் சட்டை, பின்னால் சாய்த்து. கயிற்றுக்கு நீண்ட இரண்டு கை. அறையில் எல்லோரும் எழுந்து மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். வலது காலை முன்னால் ஊன்றினார். இடது காலைப் பின்னால் வைக்கத் தூரிகையை எடுத்தார்.

"கால் அப்படி இல்லண்ணே" என்றார் சித்தாள் அக்கா.

மாடி தூரிகையை நிறுத்தினார்.

"இடது கால்தான் முன்னால. வலது காலை அந்த ஜல்லிக் குவியல்ல முட்டுக் கொடுத்திருந்தாரு. அதான் அவ்வளவு பலமா இழுக்க முடிஞ்சுது."

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்க பார்க்கலைன்னு சொன்னீங்களேம்மா."

சித்தாள் அக்கா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆறு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தவர், ஒரு கால் தப்பாகப் போட்டதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார். இனி மூடுவதில் அர்த்தமில்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"பார்த்தேன். கூடையோட பக்கத்துலதான் நின்னேன். இவர் 'இங்க வா'ன்னு கூப்பிட்டாரு, அவர் திரும்பினாரு, கட்டு நின்னுடுச்சு. இவர்தான் இழுத்தாரு. வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க."

"நானும் பார்த்தேன்" என்றார் கம்பி கட்டுகிறவர். "கால் அந்தம்மா சொல்றதுதான் சரி." மற்ற மூன்று பேரும் மேசைக்கு மேல் குனிந்திருந்த தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். அதிகாரியும் பார்த்தார். அவசரம் நாற்காலியில் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாடி ஈரத் தூரிகையால் வலது காலை ஒற்றி எடுத்தார். இடதை முன்னால் வைத்தார், வலதைக் குவியலில் முட்டுக் கொடுத்தார், இரண்டுக்கும் அடியில் நிழல் வைத்தார். "இப்ப சரியாம்மா?" என்று கேட்டார். "இப்ப சரி" என்றார் சித்தாள் அக்கா. அதிகாரி கம்பெனியின் அறிக்கையை இழுத்து, ஒரு வரியை அடித்து, எழுத ஆரம்பித்தார். மேனேஜர் படத்தை எடுக்கக் கையை நீட்டினார். மாடி அந்தக் கையைத் தன் கையாலேயே தள்ளிவிட்டார்.

"காயட்டும் சார். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

அவரை மறுபடி மேலே ஏற்றுவார்களா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அவரும் கேட்கவில்லை. சக்கர நாற்காலி மெதுவாக மேசைவரை வந்தது. கைகாட்டி படத்துக்கு மேலே குனிந்து, கட்டைவிரலை விடச் சின்னதாக மஞ்சள் தொப்பி போட்டு நின்ற ஆளை வெகுநேரம் பார்த்தார். அந்த ஆள் எதிரே நின்றவரையும் பார்த்தார்.

"அப்ப நான் இறக்குன்னு காட்டலை" என்றார்.

"எங்கே காட்டினே?" என்றார் மாடி. "அந்தாளு கூப்பிட்டான், நீ திரும்பினே. நான் நிறுத்திட்டேன்."